சர்க்கரையல்லாத சர்க்கரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தேநீர்க் கடைகளில் ‘வித்தவுட்’ என்றொரு சொல் வழங்குகிறது. எது இல்லாமல் என்று யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சார்ந்தே நிற்கவேண்டிய இடைச்சொல், இங்கே அந்தப் பெயரை உதறிவிட்டுத் தானே பெயராகி நிற்கிறது. ‘ரெண்டு ஸ்ட்ராங், ஒரு வித்தவுட்’ என்று கல்லாவிலிருந்து குரல் எழுந்தால் மாஸ்டரின் கை சர்க்கரை டப்பாவைத் தொடாமல் கடந்து போகும். சொல்லாமலே விளங்குவதைச் சொல்லாமல் விடுவது தமிழுக்குப் புதிதன்று. ‘அவருக்குச் சர்க்கரை’ என்கிறோம்; நோய் என்ற சொல் அங்கே தேவைப்படுவதில்லை. ஒரு பொருளின் பெயர் ஒரு வாக்கியத்தில் உணவாகவும் மறு வாக்கியத்தில் பிணியாகவும் நடமாடும் மொழியில் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளாக இக்கடைகளில் இன்னொரு காட்சியும் சேர்ந்திருக்கிறது. வித்தவுட் வாங்கியவர் சட்டைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளை டப்பியை எடுக்கிறார். தலையை அழுத்தினால் ‘டக்’கென்று மிளகினும் சிறிய ஒரு வில்லை உதிர்கிறது. முன்பெல்லாம் இப்படி வில்லை போட்டுக் குடிப்பவர் ஐம்பதைக் கடந்தவராகவும் நோயாளியாகவும் இருப்பார். இப்போது கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் போடுகிறார்கள். கேட்டால், ‘சுகர்லாம் இல்ல சார், வெயிட் ஏறுது, அதான்’ என்பது விடை.

ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் அறையில் பதினொரு மணிக்கு வரும் தேநீர்க் குடுவையைப் பகிர்ந்துகொள்ளும் நாங்கள் எட்டுப் பேர். நால்வரின் மேசையில் இந்த டப்பி இருக்கிறது. இருவருக்கு நோய், இருவருக்கு எடை. வேதியியல் துறை நண்பர் ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவருவார். தமிழ்த்துறையைச் சேர்ந்த நாங்கள் வழக்கம்போல் சொற்களைக் கொண்டுவருவோம். இதைப் போட்டால் உண்மையில் எடை குறைகிறதா என்ற கேள்வி அந்த மேசையில் பல மாதங்கள் கிடந்தது. இக்கட்டுரை அங்கே பேசப்பட்டவற்றின் தொகுப்பு என்று கொள்ளலாம்.

எங்கள் தலைமுறை இந்த இனிப்பை முதலில் சந்தித்தது மருந்துக்கடையில் அன்று, பள்ளி வாசலில். எண்பதுகளின் இறுதியில் கொரட்டூரிலும் திருமுல்லைவாயிலிலும் பட்டாபிராமிலும் மணியடித்ததும் வெளியே ஓடிவந்தால், மிதிவண்டியின் பின்னால் கட்டிய மரப்பெட்டியும் அதன் மூடியைத் தட்டும் ஓசையும் காத்திருக்கும். சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் குச்சி ஐஸ். காசு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சேமியா ஐஸ். நான்கு முறை உறிஞ்சினால் நிறமும் இனிப்பும் போய்க் கையில் வெள்ளைக் கட்டி மட்டும் மிஞ்சும். நாக்கின் அடியில் மெல்லிய கசப்பு ஒன்று தங்கும். ‘அது சாக்கரின்டா, தொண்டை கட்டும்’ என்பார்கள் வீட்டில். தொண்டை கட்டியது ஐஸ் உறைய வைத்த தண்ணீராலா குளிர்ச்சியாலா என்று எவரும் விசாரித்ததில்லை. பழி முழுவதும் சாக்கரினுக்குப் போயிற்று. அது சர்க்கரையைவிட முந்நூறு மடங்குக்கும் மேல் இனிப்பது. ஒரு கிலோ சாக்கரின், ஐம்பது கிலோ மூட்டையில் ஆறு மூட்டைச் சர்க்கரையின் வேலையைச் செய்துவிடும் என்றால் ஐஸ் கம்பெனிக்காரர் வேறு என்ன செய்வார்? நம் ஊரில் அதன் பெயர் அன்று கலப்படம். முப்பது ஆண்டுகள் கழித்து அதன் உறவுக்காரப் பொருள்கள் பளபளப்பான டப்பியில், பேரங்காடியின் ‘ஆரோக்கியம்’ என்று எழுதிய அலமாரியில், சர்க்கரையைவிடப் பன்மடங்கு விலையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கையில் எங்களில் சிலருக்கு அந்த ஐஸ்காரரின் நினைவு வராமல் இல்லை.

பெயரின் கதை பொருளின் கதையைவிடச் சுவையானது. ‘சர்க்கரா’ என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் பருக்கைக் கல், சரளை. காய்ச்சி உறைந்த கரும்புச்சாறு சிறுகற்களைப் போலத் தோன்றியதால் அப்பெயர் அதற்கு ஏறியது. பிராகிருதத்தில் ‘சக்கரா’வாகிக் கிரேக்கம் போய், இலத்தீனில் ‘சக்காரம்’ ஆகி, பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலாளர் கையில் ‘சாக்கரின்’ ஆனது. அது மீண்டும் கப்பலேறி வந்து எங்கள் பள்ளி வாசல் ஐஸ் பெட்டிக்குள் இறங்கியது. ‘சீனி’ என்ற சொல் சீனத்தைச் சுட்டுவது. ‘கண்டு’, ‘கற்கண்டு’ என்பனவோ இங்கிருந்து அரபி, பாரசீகம் வழியே போய் ஆங்கிலத்தின் ‘கேண்டி’யானது. இனிப்பைப்போல் ஊர் சுற்றிய பொருள் குறைவு. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் பாடும் புறநானூற்றின் 99ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், கரும்பே ஒரு காலத்தில் வந்தேறிதான் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு. அவர்கள் நம்புவதில்லை. பொங்கலுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி, சர்க்கரையோடு முழுக்கரும்பும் வாங்கிவந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நம்பக்கூடியதாகவும் இராது.

பொருளின் கதைக்கு வருவோம். 1879ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் நிலக்கரித் தாரின் வழிப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டைன் ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் உணவருந்த உட்கார்ந்தார். ரொட்டி இனித்தது. கைதான் இனிக்கிறது என்று கண்டுகொண்டு ஆய்வகத்துக்கு ஓடினார். கண்டுபிடிப்பைப் பேராசிரியரும் அவரும் சேர்ந்தே வெளியிட்டார்கள். காப்புரிமையை மட்டும் பிற்பாடு ஃபால்பெர்க் தம் பெயரில் வாங்கிக்கொண்டார். ரெம்சனின் சினம் கடைசிவரை தணியவில்லை என்பார்கள். ஆசிரியர் அறையில் இந்தக் கதைக்கு மற்றெதையும்விட நல்ல வரவேற்பு இருந்ததற்குக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

இதன் பின்வந்தவையும் ஏறத்தாழ இப்படியே வந்தன. 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர், அல்சர் மருந்துக்கான ஆய்வின்போது தாளைப் புரட்ட விரலை நக்கியதில் ஆஸ்பர்டேம். 1976இல் லண்டன் குயீன் எலிசபெத் கல்லூரியில், சர்க்கரை மூலக்கூற்றில் குளோரினை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நம் நாட்டு மாணவர் சசிகாந்த் பட்னிஸ், அப்பொருளை ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னதை ‘டேஸ்ட்’ என்று காதில் வாங்கி நாக்கில் வைத்ததில் சுக்ரலோஸ். அது சர்க்கரையைவிட ஏறத்தாழ அறுநூறு மடங்கு இனிப்பு. ஒரு உயிரெழுத்தின் குறில் நெடில் குழப்பம் உலகச் சந்தையில் இவ்வளவு பெரிய வணிகத்தைத் தொடங்கிவைத்த இன்னொரு நிகழ்ச்சி எங்களுக்குத் தெரியாது. ஒலியனியல் நடத்துவோர் இதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

இவை ஏன் உடலில் ஏறுவதில்லை என்பதையும் நண்பர் எளிமையாகவே விளக்கினார். சாக்கரினை உடல் எரிப்பதில்லை. வந்தபடியே சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. சுக்ரலோஸின் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே போய்விடும். ஆஸ்பர்டேம் செரிக்கும், சர்க்கரையைப்போலவே கிராமுக்கு நான்கு கலோரியும் தரும். ஆனால் அது சர்க்கரையைவிட இருநூறு மடங்கு இனிப்பதால் போடுகிற அளவு கணக்கில் வராது. ஆக, நாக்குக்கு இனிப்பு, உடலுக்கு ஒன்றுமில்லை. இதைக் கேட்கிற எவருக்கும் அடுத்த வாக்கியம் தானாகத் தோன்றிவிடும்: அப்படியானால் எடை குறையவேண்டுமே.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். தேநீர்க் கடைக் கண்ணாடிக் குவளையில் இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்துக் கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் நாற்பது கலோரி. நாளைக்கு நான்கு குவளை, நூற்றறுபது. பன்னிரண்டு வாரத்துக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது புத்தகக் கணக்கு. வில்லைக்கு மாறினவர் மூன்று மாதத்தில் ஒன்றேமுக்கால் கிலோ இளைக்கவேண்டும். தாளில் அழகாகத்தான் இருந்தது.

இதே கேள்வியை, இதே சென்னையில், இதே காப்பி தேநீரை வைத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. மருத்துவர் வி. மோகன் தலைமையிலான மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்திய அந்த ஆய்வு 2024இல் வெளியானது. இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 179 இந்தியர்களைப் பற்றியது. ஒரு சாரார் காப்பியிலும் தேநீரிலும் வழக்கம்போல் சர்க்கரை, மறு சாரார் அதற்குப் பதில் சுக்ரலோஸ், பன்னிரண்டு வாரம். மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணில் இரு சாராருக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எடையில் 0.3 கிலோ குறைவு. இடுப்புச் சுற்றில் 0.9 சென்டிமீட்டர். அவர்கள் எங்கள் கணக்கிலிருப்பதுபோல் நாளைக்கு நாற்பது கிராம் சர்க்கரை குடித்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. நோயாளிகள் ஏற்கெனவே கையை அடக்கியவர்களாகவும் இருப்பார்கள். ஆனாலும் முந்நூறு கிராம் என்பது, காலையில் எடை பார்த்துவிட்டு இரண்டு குவளைத் தண்ணீர் குடித்தால் மறைந்துபோகிற அளவு. செய்தித்தாள்கள் ‘எடை குறைகிறது’ என்று தலைப்பிட்டன. பொய்யில்லைதான்.

உலக அளவிலும் எண்கள் இதையொட்டியே நிற்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் 283 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வில், கட்டுப்படுத்திய சோதனைகளில் கிடைத்த சராசரி எடைக் குறைவு 0.71 கிலோ. அச்சோதனைகளில் பெரும்பாலானவை மூன்று மாதமோ அதற்கும் குறைவோ நடந்தவை. ஆண்டுக்கணக்கில் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளிலோ படம் தலைகீழ். இவ்வினிப்புகளை மிகுதியாக உண்பவர்களிடம் பருமனும் நீரிழிவும் இதயநோயும் கூடுதலாக இருந்தன. இதில் ஒரு சிக்கல் உண்டு. எடை ஏறியவர்தானே வில்லையைத் தேடிப் போகிறார்? குடை பிடித்தவர்கள் நனைந்திருப்பதைப் பார்த்துக் குடைதான் நனைத்தது என்று சொல்லிவிட முடியுமா? நிறுவனமும் அதை அறிந்தே பேசியது. 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று, ‘நிபந்தனைக்குட்பட்ட’ என்ற அடைமொழியோடுதான் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தாது என்றும் கூடவே சொன்னது. இந்த இரண்டாம் வாக்கியத்தை நம் ஊடகங்களில் பல விட்டுவிட்டன. அன்று மாலையே எங்கள் அறையில் நோய்க்காக வில்லை போடும் இருவரும் டப்பியை மேசை இழுப்பறைக்குள் ஒளித்துவைத்ததை நாங்கள் பார்த்தோம்.

அதே ஆண்டு ஜூலையில் ஆஸ்பர்டேமைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி வகையில் சேர்த்தார்கள். அதே நாளில் வேறொரு வல்லுநர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாற்பது மில்லிகிராம் வரை அன்றாடம் உண்ணலாம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணமில்லை என்றது. எழுபது கிலோ உள்ளவர் ஒரு நாளில் ஒன்பது முதல் பதினான்கு குப்பி டயட் பானம் குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். தேநீரில் இரண்டு வில்லை போடுபவர் புற்றுநோய்க்கு அஞ்சவேண்டியதில்லை என்றே நாங்கள் புரிந்துகொண்டோம்.

எடை ஏன் கணக்குப்படி குறையவில்லை என்பதற்கு விஞ்ஞானிகள் தரும் விளக்கங்கள் பல. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்விதர்ஸும் டெர்ரி டேவிட்சனும் 2008இல் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தயிரையும் குளுக்கோஸ் கலந்த தயிரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்கரின் எலிகள்தாம் கூடுதலாகத் தின்று கூடுதலாகப் பருத்தன. இனிப்பு வந்தால் சத்தும் பின்னே வரும் என்று உடல் கற்றுவைத்திருக்கிறது. வராதபோது அது வேறிடத்தில் தேடுகிறது என்பது அவர்கள் கருத்து. தென் கலிஃபோர்னியாவில் 75 பேரைக் கொண்டு நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைத் தண்ணீர் குடித்தபோது இருந்ததைவிடச் சுக்ரலோஸ் தண்ணீர் குடித்தபோது பசியுணர்வு கூடியதைக் கண்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பும் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஓராண்டு நடந்த சோதனையில், டயட் பானம் குடித்தவர்கள் 7.5 கிலோவும் வெறும் தண்ணீர் குடித்தவர்கள் 6.1 கிலோவும் இளைத்தார்கள். ஆனால் இரு சாராருமே எடைக் குறைப்புப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்கள். அந்த ஆறு கிலோ அங்கிருந்து வந்தது. வித்தியாசமான ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவானதை ஆய்வாளர்களே மருத்துவ நோக்கில் பெரிதாகக் கொள்ளவில்லை.

எலியும் லிவர்பூலும் இருக்கட்டும். தொழிற்பேட்டைத் தேநீர்க் கடையின் பெஞ்சில் அரைமணி உட்கார்ந்தாலே ஒரு விளக்கம் கிடைத்துவிடும். வில்லை போட்டவர் அடுத்த நொடி கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கிறார். ‘சக்கரதான் போடலயே, ஒரு வடை சாப்பிட்டா என்ன?’ சேமித்த நாற்பது கலோரியை ஒரு மெதுவடை இருமடங்குக்குமேல் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வில்லை அவருக்குக் கொடுத்தது இனிப்பு மாத்திரமன்று, ஓர் அனுமதிச் சீட்டு. நண்பகல் உணவில் அந்தச் சீட்டு இன்னும் தாராளமாகச் செல்லுபடியாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2025இல் சொன்ன கணக்குப்படி நம் உணவின் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் அது பெரிதும் தீட்டிய வெள்ளை அரிசி. சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று மூன்று தடவை வாங்கிக்கொள்ளும் சோற்றை எவரும் வித்தவுட் ஆக்குவதில்லை. அதே குழுவினர் 2023இல் வெளியிட்டபடி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்த எண்ணைத் தேநீர்க் குவளையின் அடியில் தேடுவது, தொலைத்த இடத்தை விட்டுவிட்டு விளக்கு வெளிச்சம் உள்ள இடத்தில் தேடுவதாகும்.

அதே பெஞ்சில் இன்னொருவரும் இருக்கிறார். இரவு ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வெளியே வரும் லேத் பட்டறைத் தொழிலாளி. ‘மாஸ்டர், சக்கர தூக்கலா ஒண்ணு’ என்பார். பன்னும் தேநீரும்தான் அவருக்குக் காலை உணவு. அந்தச் சர்க்கரை எரிந்துதான் அவர் மிதிவண்டி ஐயப்பாக்கம் வரை போகவேண்டும். ஒருவருக்குத் தேவைப்படும் கலோரி இன்னொருவருக்கு வேண்டாதது. ஒரு பெஞ்சின் இரு முனைகளில் இப்படி இருவர் உட்கார்ந்திருப்பது அறுபதுகளில் உருவான இந்தத் தொழிற்பேட்டையில், பழைய பட்டறைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்த பிறகு வந்த நிலை. மாஸ்டருக்கு இருவருமே ஒரே விலைதான்.

இனிப்புக் கடைகளின் கதை தனி. தீபாவளிக்கு முந்தைய வாரம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போனால் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பெட்டிகள் தனி அடுக்கில் இருக்கும். முந்திரி, பாதாம், பால்கோவா, நெய். நெய்யின் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி. சர்க்கரையின் கிராமுக்கு நான்குதான். சர்க்கரையை எடுத்துவிட்ட இடத்தை நிரப்பக் கொழுப்பையும் பருப்பையும் கூட்டினால், பெட்டியின் மேல் எழுதியிருப்பது உண்மையாகவும் பெட்டிக்குள் இருப்பது முன்னிலும் கனமாகவும் இருக்கும். இதை எடைக் குறைப்புக்கென்று வாங்கிப்போகும் அன்பர்களை நாங்கள் அறிவோம்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்மணிகள் இந்தப் பொருளை எடைபோட்ட விதம் ஆய்வகங்கள் எடைபோட்டதைவிடக் கறாரானது. ‘இதுல பாகு வருமா?’ என்று ஒரே கேள்வி கேட்டார்கள். வராது. சர்க்கரையும் வெல்லமும் இனிப்பதோடு நிற்பவை அல்ல. கம்பிப் பதம், தக்காளிப் பதம், உருட்டுப் பதம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு பொருளாக மாறுபவை. மாவைப் பிடித்துவைப்பவை, பழத்தைக் கெடாமல் காப்பவை, அடுப்பில் சிவந்து மணப்பவை. வில்லையில் இருப்பது இனிப்பு மட்டுந்தான், உடம்பு கிடையாது. ஆஸ்பர்டேமைக் கொதிக்கும் பாயசத்தில் போட்டால் சூட்டில் சிதைந்து அந்த இனிப்பும் போய்விடும். சுக்ரலோஸ் சூடு தாங்கும், ஆனாலும் அதைக் கொண்டு அதிரசம் சுட முடியாது. ஆவடியில் அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘எண்ணெயில போட்டா பிரிஞ்சு போயிடும், வேணாம்பா’ என்று திருப்பிக் கொடுத்தார்.

நம் மரபில் இனிப்புக்கு மாற்று இல்லாமலில்லை. அதிமதுரம் சர்க்கரையைவிட ஐம்பது மடங்குவரை இனிப்பது. ஆனால் அதை இருமலுக்கு வைத்துக்கொண்டார்களே தவிரப் பாயசத்துக்குக் கொண்டுபோகவில்லை. இப்போது சீனித்துளசி வந்திருக்கிறது. பராகுவே நாட்டுக் குவாரனி மக்களின் இலை; இந்தியாவில் அதன் சாற்றுப்பொருளுக்கு 2015இல் உணவு அனுமதி கிடைத்தது. ‘இயற்கை’ என்ற சொல்லோடு விற்பதால் இது வேறு வகை என்று பலர் நினைக்கிறார்கள். எடை பற்றிய பரிந்துரையில் உலக நலவாழ்வு நிறுவனம் இதையும் மற்றவற்றோடு ஒரே வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறது.

எங்களை உண்மையில் வியக்கவைத்தது வேறொரு இலை. தாவரவியல் நண்பர் ஒரு நாள் சிறுகுறிஞ்சான் கொடியைக் கொண்டுவந்தார். சர்க்கரைக்கொல்லி என்றும் அதற்குப் பெயர். இரண்டு இலையை மென்று வாயைக் கொப்புளித்தபின் ஒரு கரண்டிச் சர்க்கரையை நாக்கில் போட்டுக்கொண்டோம். இனிப்பில்லை, துளியும் இல்லை. வாய்க்குள் நறநறவென்று மணல். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு வாயில்களில் போய் உட்கார்ந்துகொள்வதால் சற்றொப்ப அரைமணி நேரம் வரை சர்க்கரைக்கு அங்கே இடமில்லை. ஆங்கிலேய அதிகாரி எட்ஜ்வொர்த் இதே வியப்பை 1847இல் லண்டனுக்கு எழுதி அனுப்பினார் என்று நண்பர் சொன்னார். நாங்கள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தோம். ‘சர்க்கரா’ என்றால் பருக்கைக் கல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறோம். அச்சொல்லின் மூலப்பொருள் நாக்கில் தட்டுப்பட்டது அன்றைக்குத்தான். ஒருவழியில் இது வில்லையின் நேரெதிர். வில்லை, பொருளை எடுத்துவிட்டு ஆசையைப் பேணுகிறது. இந்த இலை, பொருளை வைத்துவிட்டு ஆசையை எடுக்கிறது. எடைக்காக வில்லை போடும் இளைய நண்பர் மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டே, ‘இத மென்னுட்டு யாரு சார் டீ குடிப்பாங்க?’ என்றார். அவர் கேட்டதிலும் நியாயமிருந்தது.

அப்படியானால் இந்த வில்லைகளால் பயனே இல்லையா என்றால், எங்கள் துணிபு அதுவன்று. எடையை எதிர்பார்த்து வாங்குபவருக்கு அது முந்நூறு கிராம் அளவுக்கே கைகொடுக்கிறது. அதனால் விளையும் உண்மையான பயன் எடைப்பொறியில் பதிவாகாத இடத்தில் இருக்கிறது. எங்கள் உறவினர் ஒருவரை வைத்தே இதைச் சொல்லலாம். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பா; இருபதாண்டுக்கும் மேலாக நீரிழிவு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. நோய் வந்த முதல் சில ஆண்டுகளில் அவர் பிறர் வீடுகளுக்குப் போவதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார். போனால் காப்பி வரும். ‘வேணாம்மா, சுகர்’ என்று சொன்னதும் அந்த வீட்டுப் பெண்ணின் முகம் ஒரு கணம் சுருங்கும். பிறகு நோயைப் பற்றிய விசாரணை தொடங்கும். வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை என்று வைத்தியம் நீளும். வந்த காரியம் பின்னால் போய்விடும். நம் ஊரில் காப்பியை மறுப்பது காப்பியை மறுப்பதோடு முடிவதில்லை என்பது அவருக்குத் தெரியும். வெறும் கசப்புக் காப்பியை முகம் சுளிக்காமல் குடிக்கவும் அவரால் முடியவில்லை.

டப்பி சட்டைப்பையில் ஏறிய பிறகு அவர் மறுபடியும் வெளியே புறப்பட்டார். போன தை மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்க அவரையும் அழைத்துக்கொண்டு பூந்தமல்லியில் நான்கு வீடு ஏறி இறங்கினோம். எடை அதே எழுபத்தெட்டுக் கிலோ. இந்தப் பத்தாண்டில் கூடவுமில்லை, குறையவுமில்லை. மூன்றாவது வீட்டில் மருமகள் முறையுள்ள பெண் சமையலறை வாசலில் நின்று, ‘மாமா, உங்களுக்குச் சக்கரை?’ என்று தயங்கிக் கேட்டாள்.

‘நீ காப்பியக் கலந்து குடும்மா, சக்கரை எங்கிட்டயே இருக்கு.’

டம்ளர் வந்தது. இரண்டு முறை ‘டக்’. டபராவில் ஊற்றி ஆற்றிக்கொண்டே பெண்ணின் பிறந்தகத்தைப் பற்றியும், ஏரிக்கரையில் அவர்கள் வாங்கிய மனையைப் பற்றியும், மூத்த பேரனின் படிப்பைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார். நோயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்திருக்கும் நேரத்தில் டம்ளரை நீட்டி, ‘டிகாஷன் மிச்சம் இருந்தா இன்னும் அரை டம்ளர் குடும்மா’ என்றார்.